ஆமான்னா மேலே பாரு

கைப்பிடி மண்ணை மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தார் அரியமுத்து. வைத்ததோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். கட்டிலில் கிடக்கும் தம்பியின் காலடியில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்திருந்த நாலு பங்காளிகள் முன்னால் தம்பியின் சாவுக்கு நாளும் குறித்துவிட்டார் மனுஷன்.

“வெள்ளிக்கெழம காலையில ஊத்திருவோம். அவன் காட்டு மண்ணுதான், போர் பக்கத்துலேருந்து எடுத்தாந்தேன். பால்ல கரைச்சு மூணு மடக்கு வாயில வுட்டாப் போதும். ஆசை அடங்கி உசுரு நிம்மதியாப் போயிடும்.”

“பொன்னு உரசி ஊத்துனா என்னங்க?” என்றார் பங்காளிகளில் ஒருவர்.

“இவன் என்னைக்குய்யா பொன்னக் கண்டான்? இவனுக்கு ஆசையெல்லாம் மண்ணு மேலதான்.”

அடுப்படியில் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்த இருசம்மாள் கரண்டியை ணங்கென்று வைத்தாள். ஒரு மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறான், அவன் காதில் விழும்படி கால்மாட்டில் உட்கார்ந்து இப்படியா பேசுவார்கள்? ஆனாலும் காது இருந்து என்ன, கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை என்றுதானே பெரிய டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் புருஷன் மதுரைவீரன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவர். அப்பன், பாட்டன் எல்லாம் அடுத்தவன் காட்டில் கூலிக்கு மாரடித்துச் செத்தவர்கள். இவர் இருபது வருஷம் புழுதியைத் தின்று, குன்னம் பக்கத்தில் ஒன்றேகால் ஏக்கர் வாங்கி, போர் போட்டு, வெங்காயமும் மக்காச்சோளமும் பார்த்தார். அந்தத் தெருவில் தன் பெயருக்குப் பட்டா வாங்கிய முதல் ஆள். சித்திரை மாசம் லாரியை விட்டு இறங்கும்போதே விழுந்தார். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண்ணே திறக்கவில்லை. அப்புறம் கண் திறந்தது, ஆனால் கை, கால், வாய், கழுத்து எதுவும் அசையவில்லை. டாக்டர் வந்து நின்று, “எடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க, என் விரலப் புடிங்க” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. “கண்ணு தொறந்திருக்கும்மா, நெனவு கெடையாது. தண்ணி வந்தாக்கூட அதுக்கு அர்த்தம் இல்ல” என்று சொல்லி, மூக்கில் குழாயைச் சொருகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது புரட்டாசி. அஞ்சு மாசமாக அந்தக் குழாய் வழியாகத்தான் கஞ்சியும் பாலும்.

பங்காளிகள் ஆளுக்கொரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். போகிற போக்கில் ஒருவர், பந்தலுக்கு வாசலில் நாலு கால் போதுமா ஆறு வேண்டுமா என்று நடையால் அளந்து பார்த்தார். இருசம்மாள் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்டால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். ஏற்கெனவே தெருக் குழாயடியில் அப்படித்தான் பேச்சு. அசையாத புருஷனோடு நாளெல்லாம் பேசுகிறாளாம்.

அப்போதுதான் அந்தப் போன் அடித்தது.

மதுரைவீரனின் போன் அது. காட்டு மோட்டாரோடு அதை இணைத்து வைத்திருந்தார். மும்முனைக் கரண்டு வந்தாலும் போனாலும் மோட்டார்ப் பெட்டியே போன் போடும், போனும் தானாகவே எடுத்துக்கொண்டு ஒரு பொம்பளைக் குரலில் சத்தமாகச் சேதி சொல்லும். வாங்கிய புதிதில் டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கவைத்துப் பெருமையடித்தார். இப்போது இருசம்மாள்தான் அதை வைத்து மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும். சார்ஜர் ஒயர் எட்டவில்லை என்று அன்றைக்குத்தான் போனைக் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள்.

“மும்முனை மின்சாரம் வந்துள்ளது” என்றது போன்.

மதுரைவீரனின் கண்கள் சட்டென்று மேலே போயின.

இருசம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். என்னமோ தோன்றியது. போனை ஆணியிலிருந்து எடுத்தாள், கால்மாட்டில் கொண்டுபோய் வைத்தாள், அங்கேயிருந்தே மோட்டாருக்குப் போன் போட்டாள். “மோட்டார் ஓடுகிறது” என்றது அந்தக் குரல். கண்கள் கீழே இறங்கிக் கால்மாட்டுக்கு வந்தன.

மறுபடி தலைமாட்டுக்குக் கொண்டுபோனாள். மேலே. மறுபடி கால்மாட்டுக்கு. கீழே. கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“யோவ். நான் பேசுறது கேக்குதா? கேட்டா மேல பாரு.”

பார்த்தார்.

“கீழ பாரு.”

பார்த்தார்.

“நான் உன் தங்கச்சியா? ஆமான்னா மேல பாரு.”

கண்கள் கீழேயே நின்றன. கொஞ்சம் முறைத்த மாதிரிகூட இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடவுளே என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். இருசம்மாளுக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அப்படி இப்படிக் கோபம் இல்லை. “அடப்பாவி மனுஷா, அஞ்சு மாசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கெடந்த?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய பிறகுதான் அந்த எல்லாத்திலும் என்னென்ன இருந்தது என்பது ஒவ்வொன்றாக அவள் மண்டையில் ஏறியது. கருமாதிக்கு எந்தச் சமையல்காரனைச் சொல்வது என்று தெருப் பொம்பளைகள் இந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசினார்கள். “இது அப்பா இல்ல பெரிப்பா, வெறும் ஒடம்பு” என்று மகன் அறிவரசன் இந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெரியவர் நாள் குறித்ததும் இங்கேதான்.

அவர்களை விடு. அவள் சொன்னது?

முப்பது வருஷமாக “ஏங்க” என்று கூப்பிட்டவள், அவர் விழுந்த பிறகு “யோவ்” ஆக்கிக்கொண்டாள். உள்ளே ஆள் இல்லை என்று டாக்டர் சொன்ன தைரியம். தினம் மத்தியானம் குழாயில் கஞ்சியை ஊற்றும்போது பழைய கணக்கையெல்லாம் எடுத்துவைத்துத் திட்டினாள். எல்லாத் திட்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும், சத்துணவு வேலைக்கு.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை விழுந்தது. பத்தாவது பாஸான இருசம்மாள் யூனியன் ஆபீஸ் போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தாள். உனக்குத்தான் என்று அங்கேயே சொன்னார்கள். ஆர்டர் வரவில்லை. குறித்த தேதிக்குள் சேரவில்லை என்று வேலை இன்னொருத்திக்குப் போனது. தபால்காரர் மணிவேல் அதே வருஷம் ரிட்டயராகிப் போகிற அன்றைக்கு அவளிடம், “ஆர்டர உன் வூட்டுக்காரரு கையிலதாம்மா குடுத்தேன்” என்றார். ஓடிவந்து கேட்டாள். “அந்தாளுக்கு மறதி. உனக்குக் கிறுக்கு. ஆர்டராவது ஒண்ணாவது, கனா கண்டியா?” என்றார் மதுரைவீரன். அன்றைக்கிலிருந்து அதே பதில்தான். தெருவும் அவரைத்தான் நம்பியது. கோபக்காரன் என்றாலும் பொய் பேசாத ஆள் என்று அவருக்குப் பெயர்.

“என் வாழ்க்கையக் கிழிச்சு அடுப்புல போட்டவன் நீ, செத்துத் தொலை” என்று போன வாரம்கூடச் சொன்னாள். அன்றைக்கு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அர்த்தமில்லாத தண்ணீர் என்று துண்டால் துடைத்துவிட்டாள்.

இப்போது அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளால். “ஏங்க” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வாயில் நிற்கவில்லை. “யோவ், கஞ்சி ஆறிப்போச்சு, இரு சூடு பண்ணிக்கிட்டு வரேன்” என்று அடுப்படிக்குப் போய், அங்கே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் வியாழக்கிழமை, பிசியோ பார்க்கிற பெண் அஸ்ரின் வருகிற நாள். லப்பைக்குடிகாட்டிலிருந்து ஸ்கூட்டியில் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவாள். இருசம்மாள் விஷயத்தைச் சொன்னதும் சிரித்து மழுப்பாமல், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். இன்றைக்குச் சனிக்கிழமையா, வெங்காயம் கசக்குமா, உங்க மகன் பேரு ஜாவித்தா என்று தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றிக் கேட்டாள். எழுந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“யா அல்லாஹ்! அம்மா, அப்பா உள்ள முழுசா இருக்காங்க. மூளையோட அடிப்பக்கம் ஒரு தண்டு மாதிரி இருக்கும், அதுல அடி வுழுந்தா ஒடம்பு மொத்தமும் பூட்டிக்கும். யோசன, நெனப்பு, கோவம், வலி எதுவும் போகாது. கண்ணுகூடப் பக்கவாட்டுல திரும்பாது. மேலயும் கீழயும் மட்டும் போகும்.”

“அப்ப எடது பக்கம் பாரு, வலது பக்கம் பாருன்னு கேட்டாங்களே பாப்பா?”

“அதான் தப்பாப் போச்சு. மேல பாருன்னு ஒரு தடவ கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.” அஸ்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். “நானும்தாம்மா கேக்கல. மூணு மாசமா வரேன், கை காலத்தான் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல.”

மஞ்சப்பையைக் காட்டி வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள் இருசம்மாள். அஸ்ரின் பதறிப்போனாள். “வாயில ஒரு சொட்டுக்கூட வுடக் கூடாதும்மா! முழுங்க முடியாது, நேரா நுரையீரலுக்குப் போயிடும். மண்ணு கரைச்ச பாலா? ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க. திங்கக்கெழம திருச்சியில நரம்பு டாக்டருகிட்ட நான் பேசி நம்பர் வாங்குறேன், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் எப்படியாவது தடுங்க. நான் பேசுனா எடுபடாது. நீங்கதான் பேசணும்.”

நீங்கதான் பேசணுமாம். இந்த வீட்டில் இருசம்மாள் பேசி எது எடுபட்டிருக்கிறது?

சாயங்காலம் சென்னையிலிருந்து மகன் வந்தான். பெரம்பலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வரும்போதே முகம் உப்பியிருந்தது. அப்பாவுக்குப் பால் ஊற்ற வந்த பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, விஞ்ஞானம் என்றால் உயிர், ஊரில் யாராவது ராகுகாலம் என்றால் சண்டைக்குப் போவான். அவனாவது புரிந்துகொள்வான் என்று இருசம்மாள் அவனைக் கை கால் கழுவக்கூட விடாமல் கட்டிலருகே இழுத்துப்போய் நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

அறிவரசன் நம்பவில்லை. மூன்று கேள்வி கேட்டான். முதல் இரண்டுக்கும் சரியாகப் பதில் வந்தது. மூன்றாவதுக்குள் மனுஷனுக்கு அசதியில் கண் சொருகிவிட்டது.

“ரெண்டு சரியா வந்ததெல்லாம் ஒரு ப்ரூஃபாம்மா? காசச் சுண்டிப் போட்டாலும் ரெண்டு தடவ சரியா வரும். இதுக்குப் பேரு ரிஃப்ளெக்ஸ். கண்ணு தானா அசையிறது.”

“காலையில அந்தப் பொண்ணு முப்பது கேள்வி கேட்டுச்சுடா.”

“அவங்க பிசியோம்மா, டாக்டர் இல்ல. இரு.” போனை எடுத்து, கேள்வி கேட்டபோது பிடித்த கண் வீடியோவோடு பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து, தான் எப்போதும் எல்லாம் கேட்கிற அந்த ஏஐயிடம் போட்டான். பதில் வந்தது. “பாத்தியா, ‘இது தன்னிச்சையற்ற கண் அசைவாக இருக்கக்கூடும்’னு போட்டிருக்கு.”

“மிச்சத்தையும் படி.”

“அவ்வளவுதாம்மா.”

“இவ்வளவு நீளமா இருக்கு, அவ்வளவுதாங்கிற? நான் பத்தாவது பாஸுடா. குடு இங்க.” போனைப் பிடுங்கி, தூர வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள். ஆனால் கேள்விகளுக்குத் தொடர்ந்து சரியாகப் பதிலளித்தால் அவர் முழு உணர்வோடு இருக்கும் சாத்தியம் உண்டு, தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை அவர் முன்னால் பேசுவதில் கவனமாக இருங்கள் என்று இருந்தது. போனை மகன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“இந்தப் பொட்டிக்கு இருக்குற அறிவுகூட உனக்கு இல்லாமப் போச்சேடா! பொங்கலுக்கு வந்தப்ப டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் வாதம் பண்ணுனியே, இதுக்கு உணர்வு இருக்கா இல்லையான்னு. யாராவது இதத் திட்டுனா மனசு நோகுமோ என்னமோன்னு தேங்க்ஸ் எல்லாம் சொல்லுவியே. உங்கப்பனுக்கு இருக்கான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டியா? அவன் காதுகிட்ட நின்னு வெறும் ஒடம்புன்னு சொன்னியே, அப்ப நோகலியா அவனுக்கு?”

அறிவரசன் தரையைப் பார்த்தான். பிடிவாதம் எங்கேயிருந்து வருகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அப்பா உள்ளே இல்லை என்றால், அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. உள்ளே இருந்துவிட்டால் அந்த வார்த்தையோடு அவன் காலம்பூராவும் இருந்தாக வேண்டும்.

“திங்கக்கெழம கூட்டிக்கிட்டுப் போவோம்மா” என்றான் மெதுவாக. “ஆனா நாளைக்குப் பெரிப்பாவ யாரு நிறுத்துறது? சொந்தபந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. ஒரு ஸ்பூன்தானம்மா, சும்மா சடங்கு...”

“சோறு வேணுமின்னா போட்டுச் சாப்புடு. எங்கிட்டப் பேசாத.”

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார் அரியமுத்து. கண் சிவந்திருந்தது, ராத்திரி அழுதிருக்கிறார். பித்தளை டம்ளரில் பாலை வாங்கி, தம்பியின் காட்டு மண்ணை ஒரு சிட்டிகை போட்டுக் கரண்டியால் கலக்கினார். பொம்பளைகள் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டார்கள்.

இருசம்மாள் கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

“மாமா, உங்க கால்ல வுழுறேன். ஊத்தாதீங்க. அவருக்கு நெனவு இருக்கு. எல்லாம் கேக்குது.”

“தெரியும்மா, உன் மனசு தெரியும்.”

“மனசு கெடக்கட்டும் மாமா, கேள்வி கேட்டுப் பாருங்க. ஆமான்னா மேல பாப்பாரு, இல்லேன்னா கீழ பாப்பாரு.” குனிந்தாள். “யோவ், இது உன் அண்ணனா?”

கண்கள் மேலே போயின.

கூட்டத்தில் ஒருத்தி ஓவென்று கத்தி அழுதாள். “அய்யோ, கண்ணு மேல போயிடுச்சே! சீக்கிரம் ஊத்துங்க மாமா!”

“போற உசுருக்குக் கண்ணு மேலதாம்மா போவும்” என்றார் அரியமுத்து. “நீ நெனவுன்னு நெனைக்கிற. நான் எத்தன சாவு பாத்திருக்கேன். தள்ளிக்க, புள்ள.”

ஆமாம் என்று அந்த மனுஷன் சொல்லச் சொல்ல, இவர்கள் அதைச் சாவென்று படிக்கிறார்கள். “கீழ பாரு, கீழ பாருய்யா!” என்று கத்தினாள். பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் சுவரோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான். இரண்டு பொம்பளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். “வா இருசு, அவரு நிம்மதியாப் போவட்டும். உனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிரும் போலருக்கு.”

கிறுக்கு. இருபத்தோரு வருஷமாகக் கேட்ட வார்த்தை. அதைக் கேட்டதும் இருசம்மாளுக்குள் எதுவோ அறுந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு திரும்பினாள். அவர்களைத் திட்டவில்லை. கட்டிலில் கிடந்தவர் முகத்துக்கு நேரே குனிந்து, வீடே அதிர்கிற மாதிரி கேட்டாள்.

“எனக்காய்யா கிறுக்கு? சொல்லு! இத்தன பேரு முன்னால சொல்லு! சத்துணவு ஆர்டர் வந்துச்சா இல்லியா?”

மதுரைவீரன் கண்ணை மூடிக்கொண்டார்.

சாதாரணமாக மூடவில்லை. இமை இரண்டும் சுருங்கும்படி இறுக்கி மூடினார். இந்த வித்தையைத் தெருவே அறியும். கடன் கேட்டு ஆள் வந்தாலும் சரி, பொண்டாட்டி வம்புக்கு வந்தாலும் சரி, மதுரைவீரன் அந்த நிமிஷமே கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். எழுப்ப முடியாது. தூங்குகிறவனுக்கு இமை அப்படிச் சுருங்காது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பொம்பளைகள் கட்டிலை எட்டிப் பார்த்தார்கள்.

“யோவ், கண்ணத் தொற” என்றாள் இருசம்மாள்.

இமை இன்னும் இறுகியது. பிறகு ஒரு கண் மட்டும் நூலளவு திறந்து, அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

கூட்டத்தில் யாரோ ஒருவர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். அறிவரசனின் கையிலிருந்த போன் தரையில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

“அம்மா” என்றான். “அப்பா தூங்குற மாதிரி நடிக்கிறாரும்மா.”

“ஆமாடா, நடிக்கிறாரு! வெறும் ஒடம்பு நடிக்குமாடா? சொல்லுடா, ரிஃப்ளெக்ஸ் நடிக்குமா? இதாண்டா உங்கப்பன், அச்சு அசலா உங்கப்பன்! வேற எவனுக்குடா வரும் இந்தக் கள்ளத் தூக்கம்?”

அறிவரசன் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பாவின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். “நான் சொன்னத நீங்க... அப்பா, நான் தெரியாம...”

அரியமுத்து டம்ளரோடு நின்றார். அது சாய்ந்து பால் சிந்தி வேட்டியில் வழிந்தது. “வீரா” என்றார். “அட வீரா. இருக்கியாடா?”

அண்ணன் குரல் கேட்டதும் கண் திறந்தது, மேலே போனது. இந்தத் தடவை யாரும் அழவில்லை.

“இது... இது வேணுமாடா உனக்கு?” என்று டம்ளரைக் காட்டினார், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல.

கண்கள் படாரென்று கீழே இறங்கின. மேலே ஏறித் திரும்பவும் இறங்கின, இன்னொரு தடவையும் இறங்கின.

“போதும்டா, போதும், புரிஞ்சிருச்சு” என்றார் அரியமுத்து. டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். திரும்பி வீட்டுக்குள் வர அவரால் முடியவில்லை. படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “கொன்னுருப்பனே, என் தம்பிய நானே கொன்னுருப்பனே” என்று அவர் சொல்லிச் சொல்லி அழுதது உள்ளே கேட்டது.

பொம்பளைகள் ஆளாளுக்குக் கட்டிலருகே வரப் பார்த்தார்கள். என்ன அண்ணே, நல்லாருக்கியா, என்னையத் தெரியுதா என்று அதற்குள் விசாரிப்பு. அஞ்சு மாசம் சமையல்காரனைப் பற்றிப் பேசிய அதே வாய்கள். இருசம்மாள் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினாள்.

“தள்ளுங்கடி எல்லாரும். உங்க கேள்வியெல்லாம் அப்புறம். எனக்கு இன்னும் பதில் வரல.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். கத்தவில்லை இப்போது. ஆனால் குரலில் இம்மிகூட இறக்கம் இல்லை.

“மூடுனீன்னா நான் போயிடுவேன்னு நெனைக்காத. நான் எங்கயும் போவ மாட்டேன், நீயும் எங்கயும் போவ முடியாது. கேக்குறேன், சொல்லு. ஆர்டர் வந்துச்சா?”

அவர் அவளையே பார்த்தார். கீழே பார்த்துவிட்டால் முடிந்தது. கேட்கவோ மறுக்கவோ சாட்சி கிடையாது, தபால்காரர் செத்தே நாலு வருஷம் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கண்கள் மேலே போயின. போய், அங்கேயே நின்றன. அவள் பார்க்கிற வரைக்கும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் கீழே இறங்கவே இல்லை.

இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டில் கம்பியை ஓங்கி ஒரு அடி அடித்தாள், கை வலித்தது, இன்னொரு அடி அடித்தாள்.

“இதச் சொல்றதுக்கு இருபத்தோரு வருஷமாய்யா? வாய் இருந்தப்பல்லாம் எங்கய்யா போச்சு இது?”

அவர் கண்ணோரத்தில் தண்ணீர் கோடு போட்டு இறங்கி, காதுக்குள் போனது. அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள், தோல் உரிந்துவிடும்போல.

“அழாத. அழுதா வுட்டுருவேன்னு நெனைக்காத. இது ஒண்ணுதான், உன்னையக் கேக்க வேண்டியது இன்னும் ஊருப்பட்டது இருக்கு எங்கிட்ட. எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ சாவக் கூடாது, சொல்லிப்புட்டேன்.”

பிறகு மகனைத் தோளில் தட்டி எழுப்பி, நகரச் சொல்லிவிட்டு, கஞ்சி காய்ச்சப் போனாள்.